அஞ்ஞானப் பட்டியல்

வாதத்தில் நான் யாரிடமும் தோற்றதில்லை. ஐந்தாம் வகுப்பைப் பாதியில் விட்டவன் இப்படிச் சொல்லலாமா என்று நினைக்கிறவர்கள் இங்கே வளைகுடாவில் முசஃபாவுக்கு வந்து என் ஷெட்டைப் பார்க்கலாம். வெல்டருக்கு ஹெல்பராக வந்து இறங்கியவன் நான். ஆறு மாதம் வெல்டிங் ராடைத் தொட விடவில்லை, துருவைத் தேய்க்க விட்டார்கள். இன்று அதே ரோட்டில் எனக்கு ஷெட் இருக்கிறது, நாற்பது பேர் டியூட்டிக்கு வருகிறார்கள். இன்ஜினியர் டிராயிங்கில் விட்ட பிழையை, பேப்பரைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டே காட்டிக் கொடுத்திருக்கிறேன். ஆனாலும் என் மகள் கல்யாணத்தில் நான் செய்த காரியத்தை நினைத்தால் இன்றைக்கும் பல்லைக் கடிக்கத்தான் தோன்றுகிறது.

அவள் கேட்டது ஒன்றே ஒன்று. தாலி.

நாங்கள் கிறிஸ்தவர்கள். வேதக்காரர்களுக்குத் தாலி ஏது என்று கேட்கிறவர்கள் எங்கள் பக்கத்துக் கல்யாணத்தைப் பார்த்திருக்க மாட்டார்கள். திருநெல்வேலிக்குத் தெற்கே, சபையில் குருவானவர் ஜெபம் பண்ணிக் கொடுக்க, மாப்பிள்ளை மஞ்சள் கயிற்றில் தாலி கட்டுவான். தாலியில் சிலுவை இருக்கும். பத்திரிகையின் நாலு மூலையிலும் மஞ்சள் தடவுவோம். பந்தக்கால் நடுவோம், அதற்கும் ஒரு ஜெபம் உண்டு. இதெல்லாம் எங்கிருந்து வந்தது என்று என் அப்பாவும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. மற்ற சாமிகளைக் கும்பிடுகிறவர்களின் வழக்கத்தை அஞ்ஞானம் என்று சொல்லியே வளர்ந்தவர்கள் நாங்கள். அந்தச் சொல் ஒரு நாள் என் வீட்டு சோபாவில் உட்கார்ந்துகொண்டு என்னையே பார்க்கும் என்று யார் கண்டது?

மாப்பிள்ளையைக் கண்டுபிடித்தது நான்தான். அதையும் சொல்லிவிட வேண்டும். என் ஷெட்டில் செய்த பைப் வேலையைச் சரி பார்க்க வந்த இன்ஸ்பெக்டர் அவன். மூன்று ஜாயின்ட் சரியில்லை என்று சாக்பீஸால் குறுக்கே கோடு போட்டான். நான் குதித்தேன். "நான் வெல்டிங் அடிக்க ஆரம்பிச்சப்ப நீ பொறக்கலடே" என்றேன். அவன் கோபப்படவில்லை. "நீங்களே பாருங்க அங்கிள்" என்று தமிழில் சொல்லி, டார்ச்சை என் கையில் கொடுத்தான். பார்த்தேன். உள்ளே காற்றுக் குமிழ் இருந்தது. வெட்டிவிட்டு மறுபடி அடித்துக் கொடுக்கும்வரை டீ கூடக் குடிக்காமல் நின்றான். இந்தக் காலத்தில் இப்படி ஒருவன் என்று அங்கேயே முடிவு செய்துவிட்டேன். விசாரித்தால் எங்கள் பக்கத்துக்காரன், வேதக்காரன், கல்யாணமாகவில்லை. ஷார்ஜா ரோலாவில் அப்பா அம்மாவோடு இருக்கிறான். மகளும் அவனும் பார்த்தார்கள், பேசினார்கள், இருவருக்கும் பிடித்துவிட்டது. நான் எடுத்த காரியம் எதுவும் இப்படித்தான் முடியும் என்று மனைவியிடம் பெருமை அடித்துக்கொண்டேன்.

முதல் தடவை வீட்டுக்கு வந்தபோது அவன் அப்பா காபியைக் கையில் வைத்துக்கொண்டே ஆரம்பித்தார். அவர்களும் முன்பு எங்களைப் போன்ற சபையில் இருந்தவர்கள்தாம். இங்கே வந்தபிறகு ஒரு கண்டிப்பான சபையில் சேர்ந்துவிட்டார்கள். எல்லோரையும் பிரதர் என்றுதான் கூப்பிடுவார்.

"பிரதர், ஒரு காரியம் மட்டும் இப்பவே சொல்லிருதேன். நகை எங்களுக்கு வேண்டாம். தாலியும் வேண்டாம். அது அஞ்ஞான வழக்கம். மோதிரம் மாத்திக்கிடலாம், அது உடன்படிக்கைக்கு அடையாளம்."

என் மனைவி சமையலறை வாசலிலேயே நின்றுவிட்டாள். அவள் கை தன்னால் கழுத்துக்குப் போனது. அவர் மனைவியின் கழுத்தை அப்போதுதான் நான் பார்த்தேன். வெறுமையாக இருந்தது.

அவர்கள் போனதும் மகள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். இங்கேயே பிறந்து, இங்கேயே படித்தவள். தமிழில் பேச ஆரம்பித்து இங்கிலீஷில் முடிப்பாள். பட்டு வேண்டாம், பூ வேண்டாம், ஊரில் வைத்துக் கல்யாணம் வேண்டாம் என்று சொன்னவள்.

"அப்பா, எனக்குத் தாலி வேணும்."

"நீயா கேக்கே?"

"அம்மாவுக்கு உங்க மேல கோவம் வந்தா தாலியை எடுத்துக் கடிச்சுக்கிடுவாங்க, பாத்திருக்கீங்களா? ஒண்ணும் சொல்ல மாட்டாங்க, கடிப்பாங்க. நான் சின்னதுலேர்ந்து பாக்கேன். எனக்கும் கடிக்க ஒண்ணு வேணும்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் கண் சிரிக்கவில்லை. நான் எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினேன்.

"நாளைக்கே போய்ப் பேசுதேன்."

"ஐயோ, வேண்டாம்ப்பா. நான் அவர்கிட்டப் பேசிட்டிருக்கேன். அவர் கொஞ்சம் கொஞ்சமா வர்றாரு. டூ வீக்ஸ் குடுங்க. நீங்க ஒண்ணும் பண்ண வேண்டாம். ப்ளீஸ்."

சரி என்றேன். சத்தியமாகச் சரி என்றுதான் சொன்னேன்.

ஆனால் மோதிரம் என் தொண்டையில் சிக்கிக்கொண்டது. என் தாலி அஞ்ஞானம், உன் மோதிரம் மட்டும் வானத்திலிருந்து விழுந்ததா? அது டிசம்பர் மாதம். வருடா வருடம் எங்கள் சபைக்கு எட்டடி உயர இரும்பு நட்சத்திரம் ஒன்று என் கையால் அடித்துக் கொடுப்பேன். அந்த வேலை நடந்துகொண்டிருந்தது. ஷெட்டில் ஸ்டோர் பார்க்கிறவர் ஒரு யாழ்ப்பாணத்துக்காரர், என் வயசுதான், நெற்றியில் திருநீறு இல்லாமல் டியூட்டிக்கு வரமாட்டார். நன்றாக வாசிக்கத் தெரிந்தவர். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அவரிடம் போனைக் கொடுத்து, கல்யாண மோதிரம் எங்கிருந்து வந்தது என்று பார்க்கச் சொன்னேன்.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நீளமாக வாசித்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"முதலாளி, உது ரோமாபுரிக்காரர் போட்டது எண்டு கிடக்கு. அவைக்கு முந்தி எகிப்துக்காரராம். யேசு பிறக்க முந்தியே மோதிரம் போட்டிருக்கினம்."

"அஞ்ஞானியா?"

"ஓம், என்னைப்போல."

எனக்குச் சந்தோஷத்தில் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "கேக்கைப் பாருங்க" என்றேன். மணப்பெண் தலையில் ரோமாபுரிக்காரர்கள் மாவுப் பண்டத்தை உடைத்த வழக்கம் என்று போட்டிருந்ததாம். பெண் போடுகிற முக்காடு கெட்ட ஆவி பார்க்காமல் இருக்க. கையில் பிடிக்கிற பூங்கொத்தும் அதற்குத்தான். தோழிப் பெண்கள் ஒரே மாதிரி உடுத்துவது, ஆவிக்கு எவள் மணப்பெண் என்று குழப்பம் வரட்டும் என்று. டிசம்பர் இருபத்தைந்தே சூரியனுக்கு எடுத்த திருவிழா நாள் என்று சிலர் சொல்கிறார்களாம். ஒவ்வொன்றையும் வாசித்துவிட்டு அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கடைசியில் கண்ணாடியைக் கழற்றினார்.

"இத்தனை வருசமா எங்களைத்தான் அஞ்ஞானி எண்டு சொல்லித் திரிஞ்சியள். இப்ப பாத்தா உங்கட கலியாண வீடு முழுக்க எங்கட ஆக்கள்தான் இருக்கினம்."

"உங்க ஆளா? இது ரோமாபுரிக்காரன்."

"சொந்தம்தான். தூரத்துச் சொந்தம்." அவர் நட்சத்திரத்தைக் காட்டினார். "இதையும் பாக்கட்டே?"

"சோலியப் பாரும்" என்றேன்.

எல்லாவற்றையும் இரண்டு தடவை வாசிக்கச் சொல்லி மனப்பாடம் செய்துகொண்டேன். எழுதி வைத்துப் பழக்கமில்லாதவனுக்குத் தலையில் நிற்கும். சனிக்கிழமை காலை, டயர் பார்க்கப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு ரோலாவுக்கு வண்டியை விட்டேன். மகள் கேட்ட இரண்டு வாரத்தில் ஒரு வாரம்கூட முழுசாக முடியவில்லை. பார்க்கிங் கிடைக்க முக்கால் மணி நேரம் சுற்றினேன். ஊருக்குப் பணம் அனுப்புகிற எக்ஸ்சேஞ்சுக்கு மேலே நாலாவது மாடி. லிஃப்டில் ஏறும்போதும் மோதிரம், கேக், முக்காடு என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே போனேன்.

மாப்பிள்ளையும் வீட்டில் இருந்தான். அவன் அம்மா தட்டில் அச்சு முறுக்கு கொண்டுவந்து வைத்தார். நான் முறுக்கைத் தொடவில்லை.

"அண்ணாச்சி, மோதிரம் வேதத்துல எங்க இருக்கு?" என்றேன் அவன் அப்பாவிடம்.

"இயேசு சொன்ன கதையில, சொத்தை அழிச்ச கெட்ட குமாரன் திரும்பி வந்தப்ப தகப்பன் மோதிரம் போட்டாரே, பிரதர்."

"அவனுக்குக் கல்யாணமா நடந்துச்சு? பசியில வந்தவனுக்குப் போட்டாவ. கல்யாண மோதிரம் யாரு போட்டது தெரியுமா? ரோமாபுரிக்காரன். உங்க முறையில சொன்னா அஞ்ஞானி."

அவர் வாயைத் திறந்தார். நான் விடவில்லை. கேக்கைச் சொன்னேன். முக்காட்டைச் சொன்னேன். பூங்கொத்தைச் சொன்னேன், தோழிப் பெண்களைச் சொன்னேன். "உங்க சபை கூடுறது என்னைக்கு? ஞாயித்துக்கிழமை. ஞாயிறுன்னா என்னது? சூரியன். சூரியனுக்குப் பேர் வச்ச நாள்ல நீங்க கூடலாம், எம்பிள்ள கழுத்துல ஒரு மஞ்சக் கயிறு கெடக்கப்படாதா?"

அவருடைய முகம் சிவந்தது. "கேக்குக்கு ஏற்கெனவே சொல்லியாச்சே பிரதர்" என்றார் மெல்ல. அவர் மனைவி உள்ளே போய்விட்டார். மாப்பிள்ளை மட்டும் ஒரு சின்ன நோட்டை எடுத்து எழுதிக்கொண்டிருந்தான்.

"பூங்கொத்துக்கு முன்னாடி என்ன சொன்னீங்க அங்கிள்?"

"முக்காடு."

"தோழிப் பெண்கள்?"

"ஆவியைக் குழப்புறதுக்கு."

எழுதினான். "இதெல்லாம் எனக்குத் தெரியாது அங்கிள். ரொம்ப நன்றி" என்றான். கை கொடுத்தான். அவன் வாதத்தில் மடங்கிப்போன முகத்தோடு நின்றான் என்றுதான் எனக்குப் பட்டது. கீழே வந்து ஒரு மலையாளி கடையில் டீ குடித்துக்கொண்டே ஸ்டோர்காரருக்குப் போன் போட்டேன்.

"கலாஸ். முடிச்சிட்டேன்."

"என்ன சொன்னவை?"

"என்னத்தச் சொல்ல. நன்றி சொன்னான்."

"நன்றி சொன்னவனோ? அப்ப கவனம் முதலாளி" என்றார். எனக்கு அப்போது அது விளங்கவில்லை.

மறுநாள் சபையிலிருந்து வந்து சாப்பிட உட்கார்ந்தோம். மகள் போனை என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். மாப்பிள்ளை அனுப்பிய பட்டியல். எனக்கு வாசிக்க நேரமாகும் என்று அவளே வாசித்தாள். மோதிரம் இல்லை. கேக் இல்லை. முக்காடு இல்லை. பூங்கொத்து இல்லை. தோழிகள் இல்லை. மேடை அலங்காரம் இல்லை. கல்யாணம் ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், செவ்வாய்க்கிழமை மாலை வைக்கலாம், செவ்வாய் என்பதும் ஒரு கிரகம்தான், ஆனால் எந்தக் கிழமையும் அப்படித்தான் இருக்கிறது, அதற்கு ஒன்றும் செய்ய முடியவில்லை என்று தனியாகக் குறிப்பு வேறு எழுதியிருந்தான்.

"நீங்க ரோலா போனீங்களா?"

என் மனைவி சோற்றுக் கரண்டியோடு அப்படியே நின்றாள். "டயர் பாக்கப் போறேன்னு சொன்னியளே?"

"ஒரு நியாயத்தைக் கேக்கப் போனேன். மோதிரம் மட்டும் எப்படி…"

"அவர் சம்மதிச்சிட்டாருப்பா!" மகள் கத்திவிட்டாள். "சபையில வேண்டாம், வீட்டுல வச்சு, நம்ம ஆளுங்க முன்னால கட்டுறேன்னு சொல்லிட்டாரு. வெள்ளிக்கிழமை சொன்னாரு. அவங்க அப்பாகிட்டக் கேட்டுட்டு உங்ககிட்டச் சொல்லலாம்னு இருந்தேன். மோதிரம் மாதிரி அதுவும் ஒரு அடையாளம்தானேன்னு நான்தான் சொல்லி, சொல்லி, அவரை அங்க கொண்டுவந்தேன். நீங்க போய் அந்த மோதிரத்தையே காலி பண்ணிட்டீங்க."

நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன்.

"இப்ப அவர் சொல்றாரு, உங்க அப்பா சொன்னது கரெக்ட், ஒண்ணுக்கு ஒரு நியாயம், இன்னொண்ணுக்கு ஒரு நியாயம் வைக்க முடியாதுன்னு. நீங்க ஜெயிச்சிட்டீங்கப்பா. கங்கிராட்ஸ்."

போனை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். மனைவி தாலியை எடுத்துப் பல்லில் வைத்துக்கொண்டாள்.

நான் சும்மா இருக்கிறவன் இல்லை. மறுநாளே அவன் வேலை பார்க்கிற சைட்டுக்குப் போனேன். வெயிலில் ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு நின்றான். நான் சொன்னதெல்லாம் போனில் வந்தது, போனில் வருவதெல்லாம் நிஜமில்லை, பாதி நானாகச் சேர்த்தது என்றுகூடச் சொன்னேன். என் வாயால் அப்படிச் சொன்னது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. அவன் பொறுமையாகக் கேட்டான்.

"அங்கிள், விரிசலைப் பார்த்ததுக்கு அப்புறம் ஒரு ஜாயின்ட்டை நான் எப்படி பாஸ் பண்றது?"

அந்தக் குணத்துக்காகத்தானே அவனைப் பிடித்தேன்!

கல்யாணத்தை நிறுத்திவிடலாம் என்று மகளிடம் சொல்லிப் பார்த்தேன். "அவரை எனக்குப் பிடிச்சிருக்கு. உங்களைத்தான் இப்பப் பிடிக்கல" என்றாள்.

சில வாரம் கழித்து, கல்யாணத்துக்குக் குறித்த செவ்வாய்க்கிழமை மத்தியானம், எங்கள் வீட்டு பெட்ரூமில் அவள் வெள்ளைச் சேலை கட்டி முடித்தாள். பூ இல்லை, நகை இல்லை. டியூட்டிக்குப் போகிற நர்ஸைப் போல இருந்தாள். இதை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. மனைவி பீரோவைத் திறந்து சின்னப் பெட்டி ஒன்றை எடுத்தாள். சிலுவை போட்ட தாலி, புது மஞ்சள் கயிற்றில் கோத்தது. எப்போது ஊரில் சொல்லிச் செய்து வரவழைத்தாள் என்று எனக்கே தெரியாது. அதைப் பார்த்ததும் மகள் அவள் முன்னால் போய் நின்றாள்.

"அம்மா, நீங்க கட்டிவிடுங்க."

"எது?"

"அவர் கட்ட மாட்டாரு. நான் கழுத்துல போட்டா வேண்டாம்னு சொல்ல மாட்டேன், அது உன் இஷ்டம்னு சொல்லிட்டாரு. நீங்க கட்டுங்க."

மனைவி பெட்டியோடு இரண்டடி பின்னால் போனாள். "ஏட்டி, என்ன பேச்சுப் பேசுத? பெத்தவ கட்டுனா ஆகாது."

"ஏன் ஆகாது?"

"ஆகாதுன்னா ஆகாது. மாப்பிள்ள கைதான் படணும்."

"பட்டா என்ன, படாட்டி என்ன? வேதத்துல இருக்கா?"

மனைவிக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மகள் என் பக்கம் திரும்பினாள்.

"நீங்க கட்டுங்கப்பா. உங்களுக்குத்தான் இதுல நம்பிக்கை இல்லையே? எல்லாம் ரோமாபுரிக்காரன் வேலைன்னு போய்ச் சொன்னீங்களே?"

நான் கையை நீட்டியிருக்கலாம். ஒரு முடிச்சுதான். ஆயிரம் டன் இரும்பைத் தொட்ட கை இது. ஆனால் முதுகுக்குப் பின்னால் போய்விட்டது. அப்பன் கையால் பிள்ளைக்குத் தாலியா என்று உடம்பு கூசியது. ஏன் கூச வேண்டும் என்று அப்போதே என்னை நானே கேட்டேன். குருவானவர் சொல்லவில்லை. வேதத்தில் இல்லை. ரோமாபுரிக்காரனும் சொல்லித்தரவில்லை. எவன் என் உடம்புக்குள் இதைப் போட்டு வைத்தான் என்று எனக்குத் தெரியவில்லை. அந்த நேரத்தில் மாப்பிள்ளை என் முன்னால் நின்றிருந்தால் அவன் நோட்டைப் பிடுங்கி இதையும் எழுதிக்கொள் என்றிருப்பேன். அவ்வளவு ஆத்திரம், யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

"நீயே போட்டுக்கிடேன்" என்றேன்.

"இது செயின் இல்லப்பா. யாராவது கட்டணும்."

கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். நாங்கள் இருவரும் அசையவில்லை. அம்மா கையிலிருந்து பெட்டியை வாங்கி, தாலியை வெளியே எடுத்து, கயிறு முறுக்காமல் சுற்றி, தன் வெள்ளைக் கைப்பையில் வைத்து ஜிப்பை இழுத்தாள். "போலாம், லேட் ஆகுது" என்றாள்.

முசஃபாவில் சபைகள் கூடும் வளாகத்தில் ஒரு சின்ன ஹால். பிளாஸ்டிக் நாற்காலி, ஏசி, மைக். நாற்பது பேர்கூட இல்லை. உள்ளே நுழைந்ததும் மகள் கைப்பையை என்னிடம் கொடுத்துவிட்டு முன்னால் போய் நின்றாள். அவர்களுடைய பாஸ்டர் நீளமாகப் பிரசங்கம் செய்தார். நான் முன் வரிசையில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு பக்கத்தில் மனைவி, மறு பக்கத்தில் சம்பந்தி. வாக்குறுதி சொன்னார்கள். அவன் குரல் தடுமாறியது, அவள் குரல் தடுமாறவில்லை. மோதிரம் மாற்றுகிற இடம் வந்தபோது, அங்கே ஒன்றும் இல்லாததால் இருவரும் ஒரு நிமிடம் சும்மா நின்றார்கள். அவன் கையைப் பார்த்தான், அவளும் பார்த்தாள். எங்கள் சபையாக இருந்தால் அப்போது கயிற்றை எடுத்திருப்பார்கள்.

சம்பந்தி என் காதுப் பக்கம் சாய்ந்தார்.

"என்ன பிரதர், பையை இவ்வளவு இறுக்கிப் பிடிச்சிருக்கீங்க? கீழ வைங்க, யாரும் எடுக்க மாட்டாவ."

அவரை மடக்குகிற மாதிரி பத்துப் பதில் என் வாயில் வந்தது. எல்லாம் நல்ல பதில்கள். முன்னால் நின்ற மகள், ஜெபத்துக்கு நடுவே தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். என் வாயைத்தான் பார்த்தாள்.

"இருக்கட்டும் அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டுப் பையை மடியிலேயே வைத்துக்கொண்டேன்.